கடலா, கடலையா? பாட்டு வரி காதில் வேறாகக் கேட்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கர் தென்னையில் ஒன்று, முக்கில் ஒன்று என்று ஊரைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். பாட்டு ஊர் முழுக்கக் கேட்கும். வரிதான் ஆளுக்கு ஒன்றாகக் கேட்கும். எழுதியவர் நினைத்தே பார்க்காத பொருள் சிலருக்குப் பிடிபடும். சில நேரம் அது மூல வரியைவிட அழகாகவும் இருக்கும். காது மந்தம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. சாதாரணப் பேச்சைப் புரிந்துகொள்ள மூளை செய்கிற அதே வேலைதான் இது.

முதலில் ஒலியைப் பார்ப்போம். பாடுகிறவர் உயிரொலியை நீட்டுவார், மெய்யொலியைத் தொட்டுவிட்டுப் போவார். சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு மெய்யொலிக்கு. 'ஸ்' போன்ற சீறலின் பெரும்பகுதி 4000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கிறது. குழாய் ஸ்பீக்கர் அந்த உயரத்தில் தளர்ந்துவிடும். அப்புறம் தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு குழாய் மற்றதைவிட 70 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் சத்தம் 0.2 நொடி பிந்தி வரும். ஏறக்குறைய ஓர் அசை சொல்லும் நேரம் அது. ஓர் அசையின் மேல் இன்னொன்று ஏறி விழும்.

விட்டுப்போன ஒலியை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. 1970இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன், பதிவுசெய்த ஒரு சொல்லில் ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எதுவும் விடுபடவில்லை என்றார்கள். இன்னொரு சோதனை எனக்கு இதைவிட வியப்பு. 'ஈல்' என்ற ஒலிக்கு முன்னால் இருமல். வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. அது 'ஆரஞ்சு' என்று முடிந்தால் 'பீல்', அதாவது தோல், கேட்டது. 'ஷூ' என்று முடிந்தால் 'ஹீல்', குதிகால். பின்னால் வருகிற சொல், முன்னால் கேட்டு முடிந்ததை மாற்றுகிறது!

தமிழில் இதற்கு இடம் தாராளம். 'கடலைப் பார்த்து நின்றாள்' என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த 'ப்' என்பது என்ன? உதடு மூடியிருக்கும் நேரம்தான், கிட்டத்தட்ட மௌனம். மௌனம் நீண்டால் அவள் பார்த்தது கடல், குறுகினால் வேர்க்கடலை. பேச்சில் இந்த நீளத்தைக் காது சரியாக அளந்துவிடும். பாட்டிலோ நேரம் தாளத்தின் கையில் இருக்கிறது. மெட்டு இடம் தராவிட்டால் ஒற்று சுருங்கிப்போகும், கடலும் கடலையும் ஒன்றாகும். இன்னொன்று: 'பலகை' என்னும்போது நடுவிலுள்ள ககரம் மென்மையாக ஒலிக்கும், 'பல கை' என்றால் வலுவாக ஒலிக்கும். தாளத்துக்காக 'பல' என்று நிறுத்தி 'கை' என்று தொடங்கினால் பலகை பல கைகளாகிவிடும். ஒன்றாக நின்றால் ஒரு பொருளும் பிரித்தால் வேறு பொருளும் தருவதை நன்னூல் பொதுமொழி என்கிறது. 'தாமரை' ஒன்றாக நின்றால் மலர்; 'தா', 'மரை' என்று பிரித்தால் தாவுகிற மான்.

இரண்டில் எதை மூளை எடுக்கும்? பெரும்பாலும் அடிக்கடி புழங்கிய சொல்லை. 'உன் வளை எங்கே' என்ற வரி தெளிவில்லாமல் கேட்டால், முட்டம் என்ற மீனவ ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அது 'வலை'யாகக் கேட்க வாய்ப்பு அதிகம்.

வரி சரியாகக் கேட்டாலும் பொருள் மாறலாம். 'இன்னும் வரவில்லை' என்று தமிழில் எழுவாய் இல்லாமலே சொல்லலாம். யார் என்பதைக் கேட்பவரின் நினைவு நிரப்பும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கடற்கரையில் எத்தனையோ வீடுகள் கடலுக்குப் போனவர்களை இழந்தன. அந்த வீடுகளில் இந்த வரி காதல் பாட்டாக மட்டும் கேட்குமா? எழுதியவர் நினைக்கவில்லை என்பதால் அந்தப் பொருளைப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது.

கேட்பு தவறுவதற்கு நம் வில்லுப்பாட்டிலேயே மாற்று இருக்கிறது. அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், பாடிய அடியைக் கூடப் பாடுகிறவர்கள் திருப்பிப் பாடுவார்கள், பிறகு அவரே அதை வசனமாகச் சொல்லுவார், குழுவிலிருந்து 'ஆமா' வரும். உடுக்கும் குடமும் முழங்கும்போது முதல் தடவை தப்பிய சொல் இரண்டாவது தடவை பிடிபடும். வசனத்தில் ஒற்றுக்கு அதன் நீளமும் திரும்பக் கிடைத்துவிடும்.