ஒத்தையாய் நிற்கும் கோதுமைச் செடியை நம்பலாமா?

இந்தியாவில் பாசன வசதியுள்ள வயலில் கோதுமைக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ விதை என்பது வழக்கமான கணக்கு. ஆயிரம் மணி 40 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால் ஒரு சதுர மீட்டரில் 250 விதை விழும். அதே கோதுமையில் புது ரகம் உருவாக்குகிறவர், இரண்டு ரகங்களைக் கலப்புச் செய்து வந்த இரண்டாம் தலைமுறையை வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்று தள்ளித் தள்ளி விதைத்தால் சதுர மீட்டருக்கு 33 செடிதான். அவர் செய்வதில் தப்பில்லை, அந்தத் தலைமுறையில் ஒவ்வொரு செடியும் வேறு வேறு மரபணுக் கூட்டு, தனித்தனியாகப் பார்த்தால்தான் பொறுக்க முடியும். ஆனால் அங்கே பார்த்துப் பொறுக்கிய செடியின் வாரிசு கடைசியில் ஏழெட்டு மடங்கு நெரிசலில் போய் விளைய வேண்டும். சிக்கல் அங்கேதான்.

இடம் தாராளமாகக் கிடைத்த கோதுமை தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டு, கட்டிக்கொண்டே போகும். மூன்று நான்கு இலை வந்ததும் கீழ் இலையின் கக்கத்திலிருந்து முதல் தூர் எட்டிப் பார்க்கும், அப்புறம் அடுத்த இலையிலிருந்து ஒன்று, தூரிலிருந்தே இன்னொரு தூர் என்று ஒரு செடியே பெரிய குத்தாகிவிடும். நெருக்கமான வயலில் இது சீக்கிரமே நின்றுபோகும். உரமும் தண்ணீரும் பங்கு போவது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெளிச்சம்: பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அடுத்த தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். செடிக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற புரதம் இந்த இரண்டின் விகிதத்தை அளந்து, நிழல் விழுவதற்கு முன்பே பக்கத்தில் ஆள் இருப்பதைக் கண்டுகொள்கிறது. உடனே தூருக்கான மொட்டுகள் அடங்கிவிடும். தாமதமாக வந்த தூர்களும் தண்டு நீளத் தொடங்கும்போது பெரும்பாலும் காய்ந்துபோகும். ஆக விவசாயியின் வயலில் ஒரு செடிக்குச் சராசரியாக இரண்டு கதிர்கூடத் தேறாது.

சரி, இதில் மரபுக்கு என்ன வேலை? ஒரு வயலில் செடிக்குச் செடி தெரிகிற வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபணுவால் வந்தது, எவ்வளவு பங்கு மண், ஈரம், விதைத்த ஆழம் போன்றவற்றால் வந்தது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு மரபுத்திறன் என்று பெயர். அது அதிகமாக இருந்தால் கண்ணால் பார்த்துப் பொறுக்கினாலே போதும், குணம் அடுத்த தலைமுறைக்கு வந்துவிடும். பலர் இதை அந்தக் குணத்தோடு ஒட்டிப் பிறந்த நிலையான எண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, விதைத்த இடைவெளியை மாற்றினாலே அதுவும் மாறும். தள்ளி விதைத்தால் எந்த மரபு எவ்வளவு தூர் கட்டும் என்பது பளிச்சென்று தெரியும். நெருக்கி விதைத்தால் எல்லாச் செடியும் ஒன்றிரண்டு தூரோடு நின்றுவிடுவதால் அந்த வித்தியாசம் அமுங்கிப்போகும். அதோடு, இரண்டு நாள் முந்தி முளைத்த செடி பக்கத்துச் செடியை அமுக்கிக்கொண்டு வளர்ந்து பெருத்துவிடும், அது வெறும் அதிர்ஷ்டம், மரபே இல்லை.

எல்லாக் குணமும் இப்படி ஆடுவதில்லை. மணியின் எடை, கதிர் வெளிவரும் நாள், செடியின் உயரம் ஆகியவை ஓரளவு உறுதியானவை. தூர் எண்ணிக்கையும் ஒரு செடியின் மொத்த விளைச்சலும்தான் ரொம்பவே ஆடும். விளைச்சல் என்பதே கதிர் எண்ணிக்கை, கதிருக்கு எத்தனை மணி, மணி எடை மூன்றையும் பெருக்கி வருவது: சதுர மீட்டருக்கு 400 கதிர், கதிருக்கு 40 மணி, மணிக்கு 40 மில்லிகிராம் என்றால் 640 கிராம், அதாவது ஹெக்டேருக்கு 6.4 டன். கதிரைக் கூட்டினால் மணி குறையும், மணியைக் கூட்டினால் எடை குறையும், ஒன்றை இழுத்தால் இன்னொன்று உள்ளே போகும்.

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு. கூட்டத்தில் ஜெயிக்கிற செடிதான் நிறைய விளையும் செடி என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சூன்சன் என்ற ஆராய்ச்சியாளர் நான்கு பார்லி ரகங்களைச் சம அளவில் கலந்து, அறுத்த விதையையே மறுபடி விதைத்து 16 ஆண்டுகள் ஓட்டிப் பார்த்து, முடிவை 1949-ல் வெளியிட்டார். அட்லஸ் என்ற ரகம் 88 சதவீதம் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தனியாக விதைத்தபோது அட்லஸைவிட நன்றாக விளைந்த வான் என்ற ரகம் கலவையில் ஒரு சதவீதம்கூட மிஞ்சவில்லை. என்னைக் கேட்டால் பயிர் இனப்பெருக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு சோதனையை வைத்தே பாடத்தைத் தொடங்கலாம்.

1968-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த பயிர் ஆராய்ச்சியாளர் காலின் டொனால்ட் இதையே தலைகீழாகப் பிடித்தார். வயலில் எல்லாச் செடியும் ஒரே ரகம், அப்புறம் அவை தங்களுக்குள் சண்டை போடுவதால் யாருக்கு லாபம்? எனவே சண்டை போடத் தெரியாத செடியே வேண்டும் என்றார்: குட்டையான உறுதியான தண்டு, நிமிர்ந்த சின்ன இலைகள், பெரிய கதிர், தூரே இல்லாத ஒற்றைத் தண்டு. அப்படிப்பட்ட செடி கலப்புத் தலைமுறையில் நெட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அதை யார் பொறுக்குவார்கள்?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த மரபியலாளர் டக்ளஸ் ஃபால்கனர் 1952-லேயே இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார். இரண்டு சூழலில் அளந்த ஒரே குணத்தை இரண்டு தனிக் குணங்களாக வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் மரபுத் தொடர்பு எவ்வளவு என்று பாருங்கள் என்றார். தள்ளி நட்டபோது வந்த விளைச்சலும் நெருக்கத்தில் வந்த விளைச்சலும் மரபில் நெருங்கி வந்தால் கவலையில்லை, விலகிப்போனால் முதல் வயலில் பொறுக்கியதெல்லாம் வீண். அதனால்தான் பலரும் ஆரம்பத் தலைமுறையில் விளைச்சலை விட்டுவிட்டு நோய் எதிர்ப்பு, உயரம், மணி இவற்றை மட்டும் பார்க்கிறார்கள். விதை பெருகிய பிறகு, விவசாயி விதைக்கும் அதே நெருக்கத்தில் பாத்தி பாத்தியாக விதைத்து, ஓர வரிசைக்கு எப்போதும் கூடுதல் இடமும் வெளிச்சமும் கிடைத்துவிடும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ளதை மட்டும் எடை போடுகிறார்கள். கிரேக்கத்தின் தெசலோனிகியில் ஃபசூலாஸ் என்ற பயிர் ஆராய்ச்சியாளர் எதிர்த்திசையில் போனார்: செடிக்குச் செடி போட்டியே இல்லாத அளவுக்குத் தேன்கூட்டு அமைப்பில் விலக்கி நட்டு, ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள சமதூரச் செடிகளோடு மட்டும் ஒப்பிடச் சொன்னார். போட்டி இல்லாவிட்டால் அதிர்ஷ்டத்துக்கும் வேலையில்லை என்பது அவர் வாதம். எனக்குப் பாத்தி முறையில்தான் நம்பிக்கை, அறுவடை நடக்கப்போவது கூட்டத்தில் என்பதால்.

டொனால்ட் கேட்ட ஒற்றைத் தண்டுக்குக் கிட்டத்தட்ட வரும் மரபணுவும் கோதுமையில் இருக்கிறது, டின் என்று பெயர், 1ஏ எனப்படும் குரோமோசோமில். தூரைக் குறைத்து, மிஞ்சும் சத்தைக் கதிருக்குத் திருப்பும். பருவக் கடைசியில் தண்ணீர் பற்றாமல் போகும் வயலில் இது கைகொடுக்கும். ஆனால் முளைப்பு சரியில்லாமல் நடுவில் சொட்டை விழுந்தால், பக்கத்துச் செடி தூர் கட்டி அதை மூடாது, சொட்டை அறுவடை வரை சொட்டையாகவே நிற்கும்.