"யூரோப் லாட்டு திரும்பிருச்சு": அது உண்மையா என்று இணையத்தில் பார்ப்பது எப்படி?

பாம்பனிலோ தொண்டியிலோ கணவாய் விலை திடீரென்று இறங்கினால், வியாபாரி சொல்லும் காரணம் பெரும்பாலும் இதுதான்: "யூரோப் லாட்டு திரும்பிருச்சு." அதாவது, ஐரோப்பாவுக்கு அனுப்பிய ஒரு தொகுதிச் சரக்கை அங்கே ஏற்காமல் திருப்பிவிட்டார்கள். சில நேரம் அது உண்மை. சில நேரம் விலையை அடிக்கச் சொல்லும் பேச்சு. எது என்று கரையில் இருந்தபடியே பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தைக்கு வரும் மீனுக்கு வைத்திருக்கும் விதி, சுங்க வரி, அனுமதி பெற்ற ஆலைகளின் பட்டியல், எல்லையில் மறுத்த சரக்கின் விவரம் எல்லாம் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளில் தமிழ் இல்லை. ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் சங்கத்தில் இருந்தால் போதும்.

1993 ஜனவரி 1இல் 12 நாடுகளோடு தொடங்கிய ஒரே சந்தையில் இப்போது ஒன்றியத்தின் 27 நாடுகளும் உண்டு. ஸ்பெயின் துறைமுகத்தில் சோதனை முடிந்து இறங்கிய பெட்டி, இத்தாலிக்கோ போர்ச்சுகலுக்கோ போகும்போது மறுபடி எல்லையில் நிற்பதில்லை. முதல் வாசலில் கெடுபிடி அதிகமாக இருப்பதும் அதனால்தான். ஒரு நாடு ஒரு லாட்டில் குறை கண்டால் மற்ற 26 நாடுகளுக்கும் தகவல் போய்விடும். ஒரு துறைமுகத்தில் மாட்டியதை இன்னொன்றில் இறக்கிவிடலாம் என்ற கணக்கு செல்லாது.

முதலில் பார்க்க வேண்டிய தளம் ஒன்றியமே நடத்தும் ஆக்சஸ் டூ மார்க்கெட்ஸ். சரக்கின் சுங்கக் குறியீடு, அனுப்பும் நாடு, சேரும் நாடு ஆகிய மூன்றையும் கொடுத்தால் சுங்க வரி, அந்த நாட்டின் உள்நாட்டு வரி, தேவையான சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாக வரும். உறைந்த கணவாய்க்கு 0307 43, உறைந்த நண்டுக்கு 0306 14, பதப்படுத்தி டின்னில் அடைத்த நண்டுச் சதைக்கு 1605 10. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தியக் குறியீட்டுக்கு 8 இலக்கம், அவர்கள் சுங்கம் 10 இலக்கம் வரை போகிறது. பொதுவானவை முதல் 6 மட்டும்தான். நம் ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்கான சுங்கத் தாள்) உள்ள 8 இலக்கத்தை அப்படியே அடித்தால் வேறு சரக்கின் வரி வரலாம், எதுவுமே வராமலும் போகலாம். 6 இலக்கத்தைக் கொடுத்து, அதன் கீழே விரியும் பட்டியலில் நம் சரக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சட்டத்தின் மூல வாசகம் யூர்-லெக்ஸ் தளத்தில் இருக்கிறது. 2014 வரையிலான ஒழுங்குமுறைகளில் எண் முதலில், ஆண்டு பிறகு: 1005/2008. 2015 முதல் ஆண்டு முதலில்: 2023/915. இதை மாற்றிப் படித்துவிட்டு "அப்படி ஒரு சட்டமே இல்லை" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. தேடும்போது 'ஒருங்கிணைந்த வாசகம்' என்ற பதிப்பையே திறக்க வேண்டும். முதலில் வெளியான பதிப்பில் பிற்காலத் திருத்தங்கள் இருக்காது. பழைய அளவைப் பார்த்து லாட்டை அனுப்பிவிட்டு மாட்டுவது இப்படித்தான். ஒழுங்குமுறை என்றால் 27 நாட்டுக்கும் அப்படியே பொருந்தும். நெறியாணை என்றால் ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக எழுதிக்கொள்ளும், நுணுக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறலாம். மீன் சுகாதார விதிகள் பெரும்பாலும் முதல் வகை.

வியாபாரி சொல்வதைச் சரிபார்க்க உதவும் தளம் ராஸ்ஃப், அதாவது குறை கண்ட உணவுப் பொருளைப் பற்றி ஒன்றிய நாடுகள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கும் அமைப்பு. பிறப்பிட நாடு இந்தியா, சரக்கு வகை 'செஃபலோபாட்' என்று தேர்ந்தெடுத்தால் கணவாய் தொடர்பான அறிவிப்புகள் தேதி வரிசையில் வரும். ஒவ்வொன்றிலும் அறிவிப்பு எண், அறிவித்த நாடு, என்ன குறை, சரக்கை எல்லையில் மறுத்தார்களா என்ற விவரங்கள் இருக்கும். ஆலையின் பெயரோ ஏற்றுமதியாளர் பெயரோ பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் வராது. அதனால் "அந்த கம்பெனி லாட்டு" என்று யாராவது சொன்னால் இதை வைத்து உறுதிசெய்ய முடியாது. ஆனால் அந்த வாரத்தில் இந்தியக் கணவாய் ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை என்றால், ஏலத்தில் கேட்க ஒரு கேள்வி கையில் இருக்கும்.

ஆலைக்கு ஐரோப்பிய அனுமதி எண் இருக்கிறதா என்பதை ட்ரேசஸ் தளத்தின் வெளிநாட்டு ஆலைப் பட்டியலில் பார்க்கலாம். இந்தியாவில் இதற்குப் பொறுப்பான அமைப்பு ஏற்றுமதி ஆய்வுக் குழு. சுகாதாரச் சான்றிதழ் தருவதும் அதன் கீழ் உள்ள முகமைகளே. பட்டியலில் இல்லாத ஆலையின் பெட்டி, மீன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே போகாது.

இனி படகுக்காரர் நேரடியாகச் சம்பந்தப்படும் தாள்: பிடிப்புச் சான்றிதழ். திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்கும் 1005/2008 ஒழுங்குமுறைப்படி 2010 ஜனவரி 1 முதல், கடலில் பிடித்த மீனுக்கு இது இல்லாமல் வழியில்லை. நம் நாட்டில் இதைச் சரிபார்த்து உறுதிசெய்வது எம்பெடா (கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்). ஏற்றுமதியாளர் மனு கொடுத்தாலும், அதில் எழுதும் விவரம் இறங்குதளத்திலிருந்துதான் வரவேண்டும்: படகின் பெயர், பதிவு எண், மீன் இனம், வலை வகை, கரை இறக்கிய தேதி, எடை. பதிவு எண்ணில் வரும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். எம்எம் என்றால் விசைப்படகு, எம்ஓ என்றால் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு. விசைப்படகின் எண்ணைப் போட்டு, தேதி மட்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்குள் விழுந்தால் சான்றிதழ் அங்கேயே நின்றுவிடும். ஏஜென்ட் நாலு படகு மீனை ஒன்றாகக் கொட்டி, தெரிந்த ஒரு படகின் எண்ணை மட்டும் கொடுத்தாலும் சிக்கல்தான். அந்த ஒரு படகு இறக்கியதாகக் காட்டிய எடையைவிடப் பல லாட்டுகளில் எழுதிய மொத்தம் கூடிவிடும்.

சிறு படகுகளுக்குச் சலுகை உண்டு. இழுவை வலை இல்லாத 12 மீட்டருக்குக் குறைந்த படகு, இழுவை வலை உள்ள 8 மீட்டருக்குக் குறைந்த படகு, மேல்கட்டு இல்லாத படகு, 20 ஜிடிக்கு (மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் டன் அளவு) குறைந்த படகு ஆகியவற்றில் எதுவானாலும் எளிய சான்றிதழ் போதும். பல படகுகளின் மீனை ஒரே தாளில் சேர்த்து ஏற்றுமதியாளரே எழுதலாம். நம் வள்ளம், வத்தை எல்லாம் இதில் அடங்கும். படகுப் பட்டியல் மட்டும் முழுமையாக இருக்க வேண்டும்.

கப்பலில் போகும் சரக்கென்றால், அது சேருவதற்குக் குறைந்தது 3 வேலைநாள் முன்பே இறக்குமதியாளர் இந்தத் தாளைச் சமர்ப்பிக்க வேண்டும். 2026 ஜனவரி 10 முதல் அவர் அதை 'கேட்ச்' என்ற மின்னணு முறையில்தான் செய்ய வேண்டும். எழுத்துப் பிழை, எடைப் பிழை எல்லாம் முன்பைவிடச் சுலபமாகக் கண்ணில் படும். எல்லை தாண்டிப் பிடித்தது, மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்குள் பிடித்தது போன்றவையும் இந்த விதியின் கண்ணில் சட்டவிரோதம். எதிர்க்கரையில் நடந்ததை இங்கே பலரும் மறந்துவிட்டார்கள்: கட்டுப்பாடு போதவில்லை என்று இலங்கையின் கடல் மீனுக்கே ஒன்றியம் 2015இல் கதவை மூடியது, 2016இல்தான் திறந்தது.

லாட்டு திரும்பும் இன்னொரு காரணம் ஆய்வக முடிவு. கணவாயில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இது குடல் நீக்கிய உடலுக்கான அளவு. காட்மியம் அதிகம் சேர்வது செரிமானச் சுரப்பியில். ஐஸ் குறைந்த பெட்டியில் மேலே பாரம் ஏறி அது உடைந்தால் சதையிலும் ஊறிவிடும். அதன்பிறகு ஆலையில் எவ்வளவு கழுவினாலும் போகாது. கணவாயைப் பெட்டியில் அமுக்கி அடைக்காதே என்று சொல்வது அழகுக்காக அல்ல. நண்டுக்குக் கால், கொடுக்குச் சதையில் 0.5 மில்லிகிராம்.

இறாலில் கரும்புள்ளி வராமல் இருக்கப் போடும் மெட்டாபைசல்ஃபைட் பவுடருக்கும் அளவு இருக்கிறது. கிலோவுக்கு 80 எண்ணிக்கை வரை வரும் இறாலில் கிலோவுக்கு 150 மில்லிகிராம், 80 முதல் 120 வரை 200, அதற்கும் பொடி இறாலில் 300. 10 மில்லிகிராமைத் தாண்டினாலே லேபிளில் சொல்ல வேண்டும். படகில் ஒருமுறை, கம்பெனி வாசலில் ஒருமுறை என்று இரண்டு கை போட்டால் அளவு ஏறிவிடும். யார் போட்டார்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி பெட்டியோடு அனுப்புவது நல்லது.

சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்றவற்றில் பார்ப்பது ஹிஸ்டமின், அதாவது மீன் கெடும்போது அதில் உருவாகும் நச்சுப்பொருள். ஒரு லாட்டில் 9 மாதிரி எடுப்பார்கள். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு மாதிரி மட்டும் 100க்கும் 200க்கும் இடையே இருக்கலாம். ஒன்று 200ஐத் தாண்டினாலும் லாட்டு போச்சு. வெயிலில் கிடந்த நேரத்தைப் பிறகு ஐஸ் போட்டோ சமைத்தோ ஈடுகட்ட முடியாது.

பண்ணை இறாலுக்குப் பிடிப்புச் சான்றிதழ் வேண்டாம். அங்கே பிரச்சினை ஆன்டிபயாடிக். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் இரண்டும் முழுத் தடை. அறுவடைக்கு முன் எம்பெடா ஆய்வகத்தில் சோதனை செய்து, அந்தச் சான்றோடுதான் விற்க வேண்டும்.

பிரிட்டன் இந்தச் சந்தையில் இப்போது இல்லை. 2021 ஜனவரி 1 முதல் அதற்குத் தனி வரி, தனிப் படிவம். வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்கு மட்டும் ஒன்றிய விதிகள். ஏஜென்ட் "யூரோப்" என்று சொல்லும்போது லண்டனா ரோட்டர்டாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டிய தளமே வேறு.