சைக்கிள் ஓடும்போதல்ல, நிற்கும்போதுதான் கடி

வன்னியில் மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான், அங்கிருந்து முத்தையன்கட்டு என்று மிதித்துக்கொண்டு போகிறவரை நுளம்பு தொடுவது குறைவு. அது பறக்கும் வேகம் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர்தான். கடி வாங்குவது ரயர் காற்றுப்போய் மர நிழலில் குந்தியிருக்கும் இருபது நிமிடத்தில்; பின்னேரம் குளித்துவிட்டுச் சாரத்துடன் வெறும் மேலாகக் குளக்கட்டில் இருக்கும் அரை மணித்தியாலத்தில்; விடிய எழும்பிப் பற்றைப் பக்கம் போகும்போது. ஆகவே எங்கே தரிக்கப் போகிறோம் என்பதை வைத்துத்தான் ஆயத்தம் செய்யவேண்டும்.

மாட்டு ஈ மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அசைகிற, சூடான, கறுத்த பொருளைத் தேடித் துரத்தும். எருமை படுக்கும் சேற்றுப் பக்கம், மாட்டுப்பட்டிப் பக்கம் அதன் தொல்லை கூட. உடம்போடு ஒட்டிய கறுப்புச் சைக்கிள் உடுப்புக்கு மேலாலேயே கடித்துவிடும். தோலில் பூசும் பூச்சிவிரட்டி மருந்தும் இதனிடம் பெரிதாக எடுபடாது. வெளிர் நிறத்தில், தொளதொளப்பான நீளக்கை உடுப்புத்தான் கைகொடுக்கும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் பொழுதுபடும் முன்னரும் அதன் கடி அதிகம். சிரட்டை, மரப்பொந்து, எறிந்துவிட்ட ரயர் என்று எதில் தண்ணீர் தங்கினாலும் அதற்குப் போதும். மலேரியா இலங்கையில் 2012இற்குப் பிறகு உள்ளூரில் நிலைத்துப் பரவவில்லை. 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றும் தந்தது. அதே ஆண்டில்தான் மன்னாரில் மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புதிய நுளம்பும் கண்டுபிடிக்கப்பட்டது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனையைப் பிற்போடக்கூடாது.

வன்னியில் பலர் கணக்கில் எடுக்காதது மணல் ஈ. இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவு, சிறகை வி வடிவில் நிமிர்த்தி வைத்திருக்கும், சத்தம் போடாது, பறப்பதைவிடத் தத்துவதுதான் கூட. தோலில் வரும் லீஷ்மேனியா நோயைப் பரப்புவது இதுதான். புற்று, மாட்டுப்பட்டி, பொந்துள்ள மரம், வெடித்த நிலம் ஆகியவற்றை அண்டி இருக்கும். பொழுதுபட்ட பிறகு வெளியே வரும். சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள சாதாரண நுளம்பு வலைக்குள்ளாலும் நுழைந்துவிடும். அதைவிட நெருக்கமான வலை, அல்லது பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி ஏற்றிய வலை வேண்டும். ஆனால் காற்றுக்கு மணல் ஈ நிற்கவே நிற்காது. சோளகம் வீசும் மாதங்களில் காற்றுப்படும் மேட்டு நிலத்தில் கூடாரம் போட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். குளக்கட்டின் காற்று மறைந்த பக்கம், கசிவுநீர் தேங்கும் வாய்க்கால் ஓரம் இரண்டும் வேண்டாம். அலைகரைக்குள், அதாவது குளத்துநீர் ஏறி இறங்கும் ஓரத்தில், கூடாரம் அடிப்பது யானைக்கு வழிமறிப்பது. அது பூச்சிக் கதை அல்ல, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

பூசும் மருந்தை வாங்கும்போது போத்தலில் பெயரையும் வீதத்தையும் பாருங்கள். டீட் (DEET) என்ற விரட்டி மருந்து 20 முதல் 30 வீதம் என்றால் நாலைந்து மணித்தியாலம் நிற்கும், 10 வீதம் இரண்டு மணித்தியாலத்தோடு சரி. 50 வீதத்துக்கு மேல் போவதால் பெரிய இலாபம் இல்லை. இந்த நேரமெல்லாம் வியர்க்காத தோலுக்கு. சைக்கிள் ஓடுகிறவர் அதற்கு முன்னரே மீண்டும் பூசவேண்டும். முதலில் வெயில் கிறீம், பதினைந்து இருபது நிமிடம் கழித்து மருந்து. குளித்த பிறகுதான் பூசவேண்டும். பூசிவிட்டுக் குளத்தில் இறங்குகிறவர்களுக்கு என்ன சொல்வது! கணுக்கால், முழங்காலின் பின்பக்கம், காதின் பின்புறம், கழுத்து ஆகியவை வழக்கமாக விடுபடும் இடங்கள். விடுபட்ட இடத்தைத் தேடித்தான் நுளம்பு வரும்.

டீட் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். பூசிய கையோடு கண்ணாடியைத் தொட்டால் வில்லையில் விரல் அடையாளம் அப்படியே பதிந்துவிடும். கைபிடி பிசுபிசுக்கும், மணிக்கூட்டுப் பட்டி வெளிறும். உள்ளங்கையைத் துடைத்துவிட்டு ஹான்டிலைப் பிடியுங்கள், அல்லது பிக்காரிடின் என்ற விரட்டி மருந்தை 20 வீதத்தில் வாங்குங்கள். அது பொருட்களைப் பழுதாக்காது. பிள்ளைகளுக்குப் பெரியவர் தன் கையில் எடுத்துத் தடவவேண்டும். அவர்களின் கை, வாய், கண் பக்கம் வேண்டாம். வேப்பெண்ணெய் கொஞ்ச நேரம்தான் தாங்கும். குழந்தை விழுங்கினால் ஆபத்து. 0.5 வீதப் பெர்மெத்ரின் உடுப்புக்கு மட்டும், தோலுக்கல்ல. நன்றாகக் காய்ந்த பிறகு போடவேண்டும். அந்த உடுப்பைக் குளத்தில் அலசினால் மீன் செத்துப்போகும். வயலுக்கு அடிக்கும் மருந்தை உடுப்பில் தெளிக்கிறவர்களும் உண்டு. அது உயிரோடு விளையாடுவது.

கூடாரத்துக்குள் நுளம்புச் சுருள் கொளுத்தவேண்டாம்: புகை, நச்சு வாயு, தீ மூன்றும் ஒன்றாக வரும். வெளியே, காற்று வரும் பக்கத்தில் வையுங்கள். கூடார வாசல் சிப்பின் இரண்டு இழுவைகளும் நடுவில் சந்தித்தால் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். இரண்டையும் ஒரு மூலைக்குக் கொண்டுபோய் முட்டவிடுங்கள். ரோச் லைற் போடும் முன்னரே மூடிவிடவேண்டும். முழங்கையோ காலோ வலையில் அழுந்தினால் நுளம்பு வெளியில் இருந்தபடியே குடிக்கும்.

உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் நீளக் காற்சட்டையின் விளிம்பைச் சொக்ஸுக்குள் செருகுங்கள். புல்லில் வெறுமனே படுக்காமல் தடித்த விரிப்பைப் போடுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்குள் எந்தத் தேவைக்கும் இறங்காதீர்கள். மாலையில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு அக்குள், இடுப்புப்பட்டி, கவட்டுப் பக்கம், காது மடல் எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல மெல்ல இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். காதுக்குள் போயிருந்தால் கிண்டாமல் ஆஸ்பத்திரிக்கு.

திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும். எஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனாக் தொடவேண்டாம், டெங்கு என்றால் இரத்தக்கசிவு கூடும். சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு எங்காவது இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். நோவாது, அரிக்காது, உடுப்புக்குள் மறைந்திருக்கும், வைத்தியரிடம் நீங்களே காட்டவேண்டும். மாதக்கணக்கில் ஆறாத, நோவில்லாத பரு என்றால் லீஷ்மேனியாவாக இருக்கலாம், தோல் வைத்தியரிடம் போங்கள். எந்தத் தேதியில் எந்தக் குளத்தடியில் படுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.