தன்சோ: ஆண்வேடமா, ஆண்கோலமா?

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடங்களின் பாத்திரங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் ‘தன்சோ’ என்னும் ஜப்பானியச் சொல்லை ‘ஆண்வேடம்’ என்றே பெயர்த்து வருகின்றனர்; சிலர் அதையும் தாண்டி, ஆணுடை அணிந்த பெண் பாத்திரம் எதுவாயினும் ‘திருநம்பி’ என்று எழுதிவிடுகின்றனர். இரண்டுமே பொருந்தாதவை.

‘தன்’ என்பது ஆண். ‘சோ’ என்பது உடை, ஒப்பனை. பெண் ஆணுடை அணிவது தன்சோ, ஆண் பெண்ணுடை அணிவது ஜோசோ. அணிபவர் பிறரை ஏய்க்கிறாரா, தம்மை யாராக உணர்கிறார் என்பவை பற்றி அச்சொல் எதுவும் கூறுவதில்லை.

‘வேடம்’ கூறுகிறது. வேடதாரி, வேடம் கலைந்தது என நம் வழக்கில் அச்சொல் வருமிடமெல்லாம், உள்ளே வேறொருவர் ஒளிந்திருக்கிறார் என்ற எண்ணமும் உடன்வருகிறது. மேடைக்கு அது தகும்; 1914 முதல் பெண்களே ஆண் பாத்திரங்களையும் ஏற்று நடிக்கும் தகராசுகா என்னும் ஜப்பானிய நாடகக் குழுவைப் பற்றி எழுதுகையில் ஆண்வேடம் என்பதே சரி. 2006இல் வந்த ‘ஓரான்’ தொடரில் கடனை அடைப்பதற்காக ஆண் மாணவனைப்போல் நடமாடும் ஹருஹிக்கும் அதை ஏற்கலாம். ஆனால் 1979இல் தொடராக வந்த ‘வெர்சாயின் ரோஜா’வில் ஆஸ்கார் எதை மறைக்கிறாள்? ஆண் வாரிசில்லாத அவள் தந்தையான தளபதி அவளை மகனாக வளர்த்தார்; படைச்சீருடையில் வலம்வரும் அவள் பெண் என்பதை அரண்மனையே அறியும். 1997ஆம் ஆண்டுத் தொடரின் நாயகி உதேனா இளவரசனாக விரும்பி ஆண்பாங்கான சீருடை அணிகிறாள், பையன்கள் தம்மைச் சுட்டும் ‘போகு’ என்ற சொல்லால் தன்னைச் சுட்டுகிறாள். ஆயினும் தான் பெண் என்பதைத் தயங்காமல் சொல்கிறாள். கலைப்பதற்கு இங்கே வேடமே இல்லை.

எனவே ‘ஆண்கோலம்’ என்கிறேன், ஜோசோவுக்குப் ‘பெண்கோலம்’. வேடம் வடமொழி ‘வேஷ’த்திலிருந்து வந்தது என்பதற்காக அதை விலக்கவில்லை, பொருள் பிசகுவதே காரணம். கோலம் என்றால் அழகு, உருவம், ஒப்பனை. மணக்கோலத்தில் நிற்பவளை எவரும் வேடமிட்டவள் என ஐயுறுவதில்லை. பால் கடந்த தோற்றத்துக்கே இச்சொல்லை ஆண்ட மரபும் நமக்கு உண்டு: மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, பேடியின் கோலத்தில் ஆடும் ‘பேடு’ என்னும் கூத்தைப் பார்ப்போரை ‘பேடிக் கோலத்துப் பேடு காண்குநரும்’ என்கிறது.

திருநம்பி என்பது, பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டுத் தம்மை ஆணாக உணர்ந்து வாழ்பவரின் அடையாளத்தைச் சுட்டும் மதிப்புமிக்க சொல். உடையைப் பார்த்த மாத்திரத்தில் அதை ஒட்டுவது, உண்மையில் அவ்வாறு வாழ்வோரின் வாழ்வை வெறும் ஆடைத் தேர்வாகச் சுருக்குகிறது. 2011இல் அனிமேயான ‘ஹோரோ முசுகோ’வில், பெண்ணாக வாழ விரும்பும் நிதோரியின் ஏக்கமே கதையின் உயிர், அங்கே அடையாளத்தைப் பேசாமல் ‘பெண்கோலம்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் குற்றமே.

கடினமானது ‘ஒன் பீஸ்’ தொடரில் பெண்ணுடலுடன் வரும் யமாட்டோ. ஓடென் என்னும் வீரன்மேல் கொண்ட பற்றால் தன்னையே ஓடென் என்கிறது அப்பாத்திரம். தந்தை கைடோவும் ‘மகன்’ என்றே அழைக்கிறான். இது அடையாளமா, வெறும் பற்றா என்று ரசிகர்கள் இரு பிரிவாக நின்று வாதிடுகின்றனர். அதைத் தீர்ப்பது மொழிபெயர்ப்பாளர் வேலையன்று. ஜப்பானிய வினை பால் காட்டாது. நமது வினையோ வந்தான், வந்தாள் என்று முடிந்து, மூலம் திறந்துவைத்த வாயிலை அடைத்துவிடுகிறது. ‘யமாட்டோ வந்தார்’ என்று எழுதுவதற்கு வழியிருக்கும்போது, ‘வந்தாள்’ என எழுதி ஒரு பக்கத்தாரின் வாதத்தை மூலத்தின் சொல்லாக்குவதை ஏற்க இயலாது.