கட்டணப் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்க முடியுமா?

மே கடைசியிலும் ஜூன் மாதத்திலும் என்னிடம் வரும் பெற்றோரில் பலருக்கு ஒரே சிக்கல்தான். தனியார் பள்ளிக் கட்டணம் கட்டி மாளவில்லை. பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்க முடிவெடுத்துவிட்டார்கள். பழைய பள்ளியோ, பாக்கியை முழுதாகக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்று திருப்பி அனுப்புகிறது.

அண்மையில் வந்த ஒரு தாயின் கையில் பள்ளி கொடுத்த பாக்கிச் சீட்டு இருந்தது. மகள் ஐந்தாம் வகுப்பு முடித்தவள். இரண்டாம், மூன்றாம் பருவக் கட்டணத்துக்குக் கீழே, அவள் காலடி எடுத்து வைக்காத ஆறாம் வகுப்பின் முதல் பருவக் கட்டணத்தையும் சேர்த்திருந்தார்கள். தாலிச் சங்கிலியை அடகு வைத்தாவது கட்டிவிடட்டுமா என்று கேட்டார். அவசரப்பட வேண்டாம் என்றேன்.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இதில் தெளிவாகவே இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தை எந்தக் காரணத்துக்காகவும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம் என்கிறது 5ஆவது பிரிவு. தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானாலும், அதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஆகவே சான்றிதழ் கையில் இல்லாமலேயே அரசுப் பள்ளிக்குப் போய்ச் சேர்க்கை கேளுங்கள். இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு: பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் பழைய பள்ளி மாணவரின் பெயரை விடுவிக்காமல் வைத்திருக்கும். இதை அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமே சொல்லி, கல்வி அலுவலகம் வழியாக விடுவிக்கக் கேட்க வேண்டும்.

பாக்கி வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. கட்டணம் நிலுவை என்று சான்றிதழில் எழுதுவதையும் அது ஏற்கவில்லை. தந்தையின் கடனைப் பிள்ளையின் சான்றிதழில் முத்திரை குத்தி ஊரறியச் செய்வது கொடுமை அல்லவா?

கடனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளை படித்த காலத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் கொடுக்க வேண்டியதுதான். அதை வசூலிக்கப் பள்ளிக்கு உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு என்பதைப் பள்ளி தன் விருப்பப்படி எழுதிவிட முடியாது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை, 2009ஆம் ஆண்டின் மாநிலக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளிக்கு அக்குழு நிர்ணயித்த தொகையைக் கேட்டு வாங்கி, கையிலிருக்கும் ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீது தராத பணத்தைப் பற்றிப் பேசவே முடியாமல் போவதால், ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள்.

பாக்கிக்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் பெயரை நீக்குவதும் நடக்கின்றன. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தடுக்கிறது.

எதையும் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். சான்றிதழ் கோரி ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் பள்ளி முத்திரையோடு தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கடிதம் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு. அந்தத் தாயும் இப்படித்தான் கடிதத்திலிருந்து தொடங்கினார்.

எட்டாம் வகுப்புக்கு மேல் கல்வி உரிமைச் சட்டத்தின் துணை கிடைக்காது. அங்கே 2024 தீர்ப்பைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், கல்வித் துறைக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாம். வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும்.