குதிரை எந்தப் பக்கம் துள்ளும்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சனிக்கிழமைக் காலை. எங்கள் லாயத்துக்கும் பயிற்சித் திடலுக்கும் நடுவே குறுகலான சாலை ஒன்று உண்டு. மூன்று குதிரைகளை அந்த வழியாகக் கூட்டிப் போனோம். கடைசியாக வந்த செம்பழுப்புப் பெட்டைக் குதிரையின் மேல் பதினாறு வயது மாணவி ஒருத்தி இருந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். பின்னால் ஒரு லாரி வந்தது. ஓட்டியவர் அவசரக்காரர் இல்லை. வேகத்தைக் குறைத்தார், கொஞ்ச தூரம் பொறுமையாகப் பின்னாலேயே வந்தார். அப்புறம், கடந்து போகிறேன் என்று சொல்வதுபோல ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார்.

குதிரை முன்னால் ஓடவில்லை. வலப்பக்கமாக, சாலையின் நடுவை நோக்கி ஒரே துள்ளு. லாரியின் பாதைக்குள் போய் நின்றது. மாணவி இடப்பக்கம் விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. லாரி மெதுவாக வந்ததால்தான் அதோடு போயிற்று.

ஓட்டுநர் இறங்கி வந்தபோது அவருக்குக் கை நடுங்கியது. "சொல்லிட்டுப் போவோம்னுதாண்ணே அடிச்சேன்" என்றார். பரமக்குடிப் பக்கத்துத் தம்பி. அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். நானும் புதுக்கோட்டைப் பக்கம்தான். ஊரில் ஆடு மாடு குறுக்கே வந்தால் ஹாரன் அடித்துத்தான் போவோம். அடிக்காமல் உரசிக்கொண்டு போனால்தான் திட்டு விழும். அவர் செய்தது மரியாதை. அந்த மரியாதை குதிரைக்குப் புரியாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சிங்கப்பூரில் 19 ஆண்டுகளாகக் குதிரைகளோடு இருக்கிறேன். முதலில் சைஸாக, அதாவது லாயத்தில் குதிரைகளைக் கவனித்துக்கொள்ளும் ஆளாக இருந்தேன். இப்போது குதிரையேற்றப் பயிற்சி தருகிறேன். நான் பார்த்த வரையில், குதிரைக்குப் பக்கத்தில் வண்டியை முரட்டுத்தனமாக ஓட்டியவர்கள் மிகக் குறைவு. தெரியாமல் ஓட்டியவர்கள்தான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, அன்று அந்தக் குதிரை ஏன் வலப்பக்கம் துள்ளியது? இடப்பக்கம் வடிகால் ஓரத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் கிடந்தது. அதன் ஒரு முனை மட்டும் காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது. அந்த இடம் வருவதற்கு முன்பே குதிரையின் இடது காது அந்தப் பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. அது பயந்தது தார்ப்பாய்க்கு. உள்ளே அடங்கிக் கிடந்த பயத்தை ஹாரன் வெடிக்க வைத்தது. எதைக் கண்டு பயப்படுகிறதோ அதிலிருந்து விலகித்தான் குதிரை துள்ளும். உங்கள் வண்டியைப் பார்த்து மிரண்டால் உங்களை விட்டு விலகிப் போகும். சாலையோரத்தில் எதையாவது பார்த்து மிரண்டால் நேராக உங்கள் வண்டி மேல் வரும்.

அந்தச் சாலையோரத்தில் என்ன இருக்கிறது என்பது ஓட்டுநருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் பை, வடிகாலிலிருந்து தலை நீட்டும் குரங்கு, புல் வெட்டும் இயந்திரம், சட்டென்று விரியும் குடை. மழைக்குப் பிறகு பளபளக்கும் இரும்பு மூடியைப் பார்த்துக்கூட நின்றுவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் மனிதர்களைச் சொல்கிறோம். குதிரையின் உயிரே அந்த அரளலில்தான் பிழைத்து வந்திருக்கிறது. திறந்த புல்வெளியில் வேட்டைக்கு இரையான விலங்கு அது. முதலில் ஓடுவது, என்னவென்று பிறகு பார்ப்பது என்று வாழ்ந்த இனம். எவ்வளவு பழக்கினாலும் இது முழுதாகப் போகாது. எங்கள் லாயத்தில் இருபது வயதுக் கிழக்குதிரை ஒன்று இருக்கிறது, சின்னப் பிள்ளைகளைச் சுமக்கும் அளவுக்குச் சாது. அதுவும் ஒரு நாள் காற்றில் பறந்த சிமெண்ட் பைக்கு மிரண்டது.

இங்கே சாலையில் மிதிவண்டியைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள். 2022 ஜனவரியில் பிரிட்டன் தன் சாலை விதித்தொகுப்பைத் திருத்தியபோது குதிரைக்கு 2 மீட்டர் என்று வைத்தது. வேகம் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக் கூடாது, அதாவது சுமார் 16 கிலோமீட்டர். மிதிவண்டிக்கு ஓட்டுபவரின் மூளை மட்டும்தான். குதிரைக்குச் சவாரி செய்பவரின் மூளையும் உண்டு, சொந்த மூளையும் உண்டு. என்னைக் கேட்டால் 2 மீட்டரும் போதாது. எதிர்த்தடம் காலியாக இருந்தால் முழுதாக அந்தத் தடத்துக்கு மாறிக் கடந்து போங்கள். இடம் இல்லை, இரட்டை வெள்ளைக்கோடு இருக்கிறது என்றால் பின்னாலேயே காத்திருங்கள். ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான்.

சவாரிக் குதிரை ஒன்று சுமார் 500 கிலோ எடை இருக்கும். கார் மோதினால் முதலில் கால்கள் அடிபடும். அதன் உடம்பு பானெட்டைத் தாண்டி முன்கண்ணாடி மேல் விழும். உள்ளே இருப்பவர்கள் பிழைப்பது சந்தேகமாகிவிடும். குதிரைக்காகவும் மேலே இருக்கும் பிள்ளைக்காகவும் மட்டும் சொல்லவில்லை, உங்களுக்காகவும்தான் சொல்கிறேன்.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. பழைய சென்னையில் ஜட்கா வண்டி பார்த்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும், குதிரையின் கண் ஓரத்தில் தோல் பட்டை கட்டியிருப்பார்கள். பக்கத்திலும் பின்னாலும் நடப்பதைக் கண்டு மிரளாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. சவாரிக் குதிரைகளுக்கு அந்தப் பட்டை கிடையாது. நீங்கள் ஒட்டிக்கொண்டு பின்னால் வந்தால், குதிரையைப் பொறுத்தவரை நீங்கள் உருவம் இல்லாத ஒரு சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் அதன் கண் ஓரத்தில் பெரிய உருவமாக முளைக்கிறது.

மின்சாரக் காரில் அந்தச் சத்தமும் குறைவு. 2025 முதல் இங்கே புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்வதில்லை. மின்சாரக் கார்கள் நாளுக்கு நாள் கூடிவருகின்றன. நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்கு இது நல்லது, எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குதிரைக்குப் பின்னால் வரும்போது மட்டும், சவாரி செய்பவர் திரும்பி உங்களைப் பார்க்கும் வரை நன்றாகத் தள்ளியே வாருங்கள். அவர் பார்த்துவிட்டால் உடம்பாலும் கடிவாளத்தாலும் குதிரைக்குச் சொல்லிவிடுவார்.

லாரி ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. காற்று பிரேக் விடும் 'புஸ்' சத்தம் குதிரைக்குப் பாம்புச் சீற்றம் மாதிரி. பக்கத்தில் வந்து பிரேக் பிடிக்காதீர்கள், தூரத்திலேயே வேகத்தை இறக்கிவிட்டு அதே வேகத்தில் வாருங்கள். பின்பக்கத் தார்ப்பாய் படபடக்காமல் இறுக்கிக் கட்டுங்கள். மோட்டார்சைக்கிளில் வருபவர்கள் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டாம். இன்னொன்றையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். கடக்கும்போது மிக அழகாக, மெதுவாகக் கடப்பார்கள். கடந்த அடுத்த நொடி, விட்ட நேரத்தைப் பிடிப்பதுபோல ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். குதிரை அப்போதும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு ஐம்பது மீட்டராவது போன பிறகு வேகம் எடுங்கள்.

குதிரையின் மனநிலையைக் காரில் இருந்தபடியே ஓரளவு படிக்கலாம். தலை தாழ்ந்து, காதுகள் தளர்வாக அங்கும் இங்கும் திரும்பினால் அமைதியாக இருக்கிறது. தலை உயர்ந்து, இரண்டு காதும் ஒரே இடத்தைக் குத்திட்டுப் பார்த்தால் எதையோ கண்டிருக்கிறது. நேராக நடக்காமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தால், வாலை இறுக்கிக்கொண்டால், நீங்கள் நகராமல் நிற்பதுதான் உதவி. சவாரி செய்பவர் கையை நீட்டி உள்ளங்கையைத் தாழ்த்தி மேலும் கீழும் அசைத்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார். உள்ளங்கையை உங்கள் பக்கம் காட்டினால் நிற்கச் சொல்கிறார். சில சமயம் இரண்டு பேர் இணையாகப் போவார்கள். அது அரட்டைக்காக இல்லை. அனுபவமுள்ள குதிரையைச் சாலைப் பக்கமும் இளங்குதிரையை ஓரத்திலும் விட்டு, ஒன்றுக்கு மற்றொன்றைத் தைரியமாக வைத்துப் போவது எங்கள் வழக்கம்.

பொறுப்பு எங்களுக்கும் இருக்கிறது. மழையிலும் மங்கிய வெளிச்சத்திலும் நான் மாணவர்களைச் சாலைக்கு அழைத்துப் போவதில்லை. ஒளிரும் மேலங்கி இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. காத்திருந்த ஓட்டுநருக்குக் கை உயர்த்தி நன்றி சொல்லாத மாணவரை அன்றைக்கே கண்டிப்பேன்.

சிங்கப்பூரில் எத்தனை குதிரை சாலையில் வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். லிட்டில் இந்தியாவில் நாம் சாப்பிடப் போகும் ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பெயரே அங்கே ஃபேரர் பார்க்கில் ஓடிய பந்தயக் குதிரைகளால் வந்தது. பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் போனது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் முடிந்தது. குதிரைகள் குறைந்துவிட்டன, ஆனால் இல்லாமல் போகவில்லை. குதிரையேற்றப் பள்ளிகளும் போலோ விளையாட்டும் இன்றும் இருக்கின்றன. கண்ணில் படுவது குறையக் குறைய, படும் அந்த ஒரு நாளில் என்ன செய்வது என்று தெரிந்தவர்களும் குறைகிறார்கள். என் கவலை அதுதான்.

இங்கே நீங்கள் குதிரையைச் சந்திக்க அதிக வாய்ப்புள்ள இடம் விரைவுச்சாலை. குதிரை ஏற்றிய லாரிக்குள் அது நான்கு காலில் நின்றபடி பயணம் செய்கிறது. முன்னால் சிவப்பு விளக்கு எரிவது அதற்குத் தெரியாது. நாம் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பது போலத்தான். நான் அப்படிப்பட்ட லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பல முறை போயிருக்கிறேன். அவர் முன்னால் நீண்ட இடைவெளி விட்டு வருவார். அது மெதுவாக பிரேக் பிடிப்பதற்கான இடம். அந்த இடைவெளியைப் பார்த்ததும் ஒரு கார் உள்ளே நுழையும். அவர் மறுபடி இடைவெளி விடுவார். இன்னொரு கார் நுழையும். ஒரு முறை அப்படி நுழைந்தவர் வெளியேறும் வழியைத் தவறவிடக் கூடாது என்று சட்டென்று பிரேக் அடித்தார். பின்னால் தொம்மென்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குதிரை முழங்கால் தோலுரிந்து எழுந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் அது லாரியில் ஏற மறுத்தது. கனரக லாரிக்கு விரைவுச்சாலையிலும் 60 கிலோமீட்டர்தான் வரம்பு. குதிரை ஏற்றியவர் அதற்கும் கீழே போனால் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள், வளைவில் பக்கத்திலேயே ஒட்டி வராதீர்கள்.

பள்ளி விடுமுறையில் நம் ஆட்கள் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போய் வாடகைக் கார் எடுக்கிறார்கள். அங்கேயும் இடப்பக்க ஓட்டம்தான், அதனால் தைரியமாக ஓட்டுகிறோம். ஆனால் அங்கே கிராமத்துச் சாலை வளைவுக்கு அப்பால் குதிரை நிற்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. குதிரை அடங்கவில்லை என்று சவாரி செய்பவர் கையை உயர்த்திக் குதிரையைச் சுட்டிக்காட்டினால், நீங்கள் இடப்பக்கம் ஒதுங்கி, எஞ்சினை நிறுத்தி, குதிரை அமைதியாகும் வரை நகராமல் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ரவுண்டானாவில் வலப்பக்கம் திரும்பப் போகும் குதிரையும் இடப்பக்கத் தடத்திலேயே சுற்றி வரலாம். இடப்பக்கத் தடத்தில் வருவதால் இடப்பக்கம்தான் திரும்பும் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஆள் இல்லாமல் சேணத்தோடு தனியே ஓடும் குதிரையைப் பார்த்தால் துரத்த வேண்டாம். துரத்தினால் ஓடும், அதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வழி. ஓரமாக நிறுத்தி, பெரிய விளக்கை அணையுங்கள். கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள். குதிரை வந்த திசையில் யாராவது விழுந்து கிடக்கிறாரா என்று பாருங்கள். விழுந்தவரின் தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது, அவரைத் தூக்கி உட்கார வைக்கவும் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 995, சாலையில் அலையும் குதிரைக்கு 999. எந்த இடம் என்று சொல்லத் தெரியாவிட்டால் பக்கத்து விளக்குக் கம்பத்தில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். லாயத்து ஆள் ஒருவர் வாளியில் தீவனத்தைக் குலுக்கிக்கொண்டு நடந்து வருவார். அந்தச் சத்தத்துக்குக் குதிரை தானாக அவரிடம் திரும்பும். அவர் கயிற்றைப் போட்டுக் கையில் பிடிக்கும் வரை எஞ்சினைப் போடாதீர்கள்.