கவுன்டர், ஊசி, துணைக்கு ஒரு ஆள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் எங்களிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் "எனக்குப் பயம்" என்று பேச்சைத் தொடங்குவதில்லை. ஐசி (அடையாள அட்டை) புதுப்பிக்காமல் கிடக்கிறது, ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்த தேதி தவறிவிட்டது, லைசென்ஸ் இருந்தும் கார் ஓட்டுவதில்லை என்பார்கள். காரணம் கேட்டால் லீவு கிடைக்கவில்லை, மகன் வந்து கூட்டிப்போவான் என்று பதில் வரும். பயம் அந்தப் பதில்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

எல்லாப் பயத்தையும் போக்க வேண்டியதில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் எலியைத் தேடி நாகம் வரும். உதிரிப் பழம் பொறுக்குகிறவர் பார்த்துக் கையை வைப்பது எச்சரிக்கை, அது இருக்கட்டும். ஆபத்து சிறிது, ஆனால் அதற்குப் பயந்து இழப்பது பெரிது என்றால் அந்தப் பயத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

அரசாங்க அலுவலகக் கவுன்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது. வெளியே வந்ததும் நிம்மதி. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. "வெளியே வந்ததால் தப்பித்தோம்" என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை வாசலைப் பார்த்ததுமே படபடப்பு தொடங்கும். மலாய் பேசுவதற்காகப் பிள்ளையைத் துணைக்கு அழைத்துப் போனாலும் இதே கதைதான். காரியம் முடிந்துவிடும். ஆனால் நம்மால் தனியாக முடியும் என்பதற்குச் சாட்சி சேராது. பிள்ளையும் அது பயப்பட வேண்டிய இடம் என்று கற்றுக்கொள்கிறது.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடி முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அந்தப் பயத்தைத் தணித்ததைப் பதிவு செய்தார். படிப்படியாக நெருங்கும் அந்த முறை இன்றும் பயன்படுகிறது.

ஒரு தாளில் பயப்படும் காரியங்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 30 அளவில் உள்ளதில் தொடங்குங்கள். கவுன்டர் பயம் என்றால், கூட்டமில்லாத நேரத்தில் உள்ளே போய் 20 நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது முதல் படி. அடுத்து காவலாளியிடம் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கேட்பது. பிறகு பாரம் (படிவம்) வாங்கி வருவது. அதன் பிறகுதான் நம்பர் எடுத்துத் தனியாகக் கவுன்டருக்குப் போவது. துணைக்கு வந்தவர் அருகிலுள்ள கோப்பிக் கடையில் இருக்கட்டும், பிறகு வீட்டிலேயே இருக்கட்டும். போவதற்கு முன் "திட்டுவார்கள்", "வாய் வராது" என்று நினைப்பதை எழுதி வையுங்கள். வந்தபின் உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள்.

இது பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, 30இலிருந்து நேராக 90க்குத் தாவுவது. இரண்டு, படபடப்பு உச்சத்தில் இருக்கும்போதே எழுந்து வருவது. அது இறங்கத் தொடங்கும் வரை இருக்க வேண்டும், நிச்சயம் இறங்கும். மூன்று, மாதம் ஒருமுறை மட்டும் முயல்வது. வாரத்துக்கு மூன்று நான்கு முறையாவது வேண்டும். முழு வாக்கியங்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போவதும் உதவாது. எதிர்பாராத ஒரு கேள்வி வந்தால் எல்லாம் கலைந்துவிடும். மலாயில் "சாயா நக் தாஞா" (ஒன்று கேட்க வேண்டும்), "போலே சாக்காப் பெர்லஹான் சிக்கிட்?" (கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா?) என்ற இரண்டும் போதும். எதிரில் இருப்பவர் சிடுசிடுத்தால்? அதுவும் நடக்கும். அப்படியும் பாரத்தைக் கொடுத்துவிட்டு வந்தால், அன்றைய பயிற்சிதான் மிக உயர்ந்தது.

ஊசிப் பயத்துக்கு வழி வேறு. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ஊசியையோ ரத்தத்தையோ பார்த்து மயங்குகிறவர்களுக்கு முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால் கண் இருட்டுகிறது. ஆகவே "உடம்பைத் தளர்த்துங்கள்" என்ற வழக்கமான அறிவுரை இவர்களுக்கு எதிராகவே வேலை செய்யும். இவர்கள் தசையை இறுக்க வேண்டும். தொடை, வயிறு, ஒரு கை ஆகியவற்றை 10 முதல் 15 வினாடி, முகம் சூடாகும் வரை இறுக்குங்கள். பிறகு 20 முதல் 30 வினாடி பழைய நிலைக்கு விடுங்கள். முழுதாகத் துவண்டுவிட வேண்டாம். ஐந்து முறை செய்யுங்கள். ஒரு வாரம் வீட்டில் பழகிவிட்டுப் போங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வையுங்கள். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் இந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. சர்க்கரை உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்; வெளியே தெரியாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை. பட்டினிப் பரிசோதனை என்றாலும் தண்ணீர் குடிக்கலாம். தாதியிடம் "சாயா தாகுட் ஜாரும்" (எனக்கு ஊசி என்றால் பயம்) என்று முன்பே சொல்லி, படுத்தபடி எடுக்கக் கேளுங்கள். எடுத்த உடனே எழாமல் சற்று நேரம் படுத்திருங்கள்.

காரணமே இல்லாமல் படபடப்பு வந்து, கை நடுங்கி, எடையும் குறைகிறது என்றால் தைராய்டைப் பரிசோதிக்க வேண்டும். பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையோ படிப்பையோ தடுத்தால் அரசு கிளினிக் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்கு அவரே கடிதம் தருவார். முதலில் போனில் பேசிப் பார்க்க விரும்பினால், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555 என்ற எண்ணில் இருக்கிறது.